பழுப்புக் குறுமீனைச் சுற்றி வாழத்தகுந்த கோள் கிடைக்குமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். டிராப்பிஸ்ட்-1 என்ற மிகச் சிறிய விண்மீனைச் சுற்றி ஏறத்தாழ பூமி அளவில் ஏழு கோள்கள் அகப்பட்டன. விண்மீன் சிறியது என்பதால்தான் அவை சுலபமாகக் கண்ணில் பட்டன என்கிறார்கள். அப்படியானால் அதைவிடச் சிறிய, மங்கலான பழுப்புக் குறுமீன்களைச் சுற்றித் தேடுவது இன்னும் சுலபம்தானே, வாழத்தகுந்த கோள் ஒன்றுகூட ஏன் இன்னும் கிடைக்கவில்லை? கிடைத்தாலும், ஆறிக்கொண்டே போகும் ஒன்றின் பக்கத்தில் உயிர் எப்படித் தங்கும்? இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அங்கே கோள்கள் இருக்கின்றனவா, இருந்தால் நம்மால் பார்க்க முடியுமா, பார்த்துவிட்டால் அது வாழத்தகுந்ததா. முதலாவதற்கு என் பதில் 'பெரும்பாலும் ஆம்'. இரண்டாவதற்கு 'ஆம், ஆனால் பட்டபாடு படவேண்டும்'. மூன்றாவதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. மங்கலான விண்மீன்களின் ஒளியை அளப்பது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. ஆகவே இரண்டாவது கேள்வியைப் பற்றி அனுபவத்தில் பேசுகிறேன். கோள்கள் உருவாவது பற்றிய கோட்பாடு என் துறை அல்ல. அதைப் படித்தவன் என்ற அளவில் மட்டும் சொல்கிறேன்.

பழுப்புக் குறுமீன் (சிலர் பழுப்புக் குள்ளன் என்று எழுதுகிறார்கள்) விண்மீனாகப் பிறக்கத் தொடங்கி, எடை போதாமல் நின்றுபோன ஒன்று. வியாழனைப்போல் ஏறத்தாழ 75 முதல் 80 மடங்கு நிறை இருந்தால்தான் உள்ளே ஹைட்ரஜன் நிலையாக எரியும். அதற்குக் கீழே உள்ளவை பிறக்கும்போது சுருங்கியதில் கிடைத்த வெப்பத்தைச் செலவழித்துக் காலத்தை ஓட்டுகின்றன. 13 வியாழ நிறைக்கு மேல் இருந்தால் கொஞ்ச காலம் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனும் எரியும். 1960-களின் தொடக்கத்திலேயே வானியலாளர் ஷிவ் குமார் இப்படிப்பட்டவை இருக்கவேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 'பழுப்பு' என்ற பெயரை 1975-ல் வானியலாளர் ஜில் டார்ட்டர் வைத்தார். உண்மையில் அவை பழுப்பாக இருப்பதில்லை, மங்கிய செந்நிறம்தான். கண்ணில் பட்டது 1995-ல், டெய்டே 1 என்பதும் கிளீஸ் 229பி என்பதும். அதே ஆண்டில்தான் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோளும் அறிவிக்கப்பட்டது. புறக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) புகழெல்லாம் வாங்கிக்கொண்டது, குறுமீன் ஓரமாய் நின்றது. டிராப்பிஸ்ட்-1 பழுப்புக் குறுமீன் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அதன் நிறை சூரியனில் 0.09 பங்கு, எல்லைக்குச் சற்றே மேலே. அந்தச் சற்றே எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சுலபம் என்று ஏன் சொல்கிறார்கள்? பழுப்புக் குறுமீன்களின் வினோதம், 15 வியாழ நிறை உள்ளதும் 70 வியாழ நிறை உள்ளதும் அளவில் கிட்டத்தட்ட வியாழனளவே இருக்கும். 2012-ல் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடந்த இடைநகர்வைக் கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பீர்கள், சூரிய வட்டில் ஒரு கரும்புள்ளி. தூரத்திலிருந்து ஒருவர் பூமி சூரியனைக் கடப்பதைப் பார்த்தால், சூரிய ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குறையும். அதே பூமி ஒரு பழுப்புக் குறுமீனைக் கடந்தால் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும், நூறு மடங்கு அதிகம். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம், பதில் முழுக்க இதையே பயன்படுத்துகிறேன்: 60 வியாழ நிறை, 100 கோடி வயது, அதிலிருந்து 10 லட்சம் கி.மீ. தள்ளி ஒரு பூமி. 10 லட்சம் கி.மீ. என்பது நிலவு நம்மிடமிருந்து இருப்பதைப்போல் இரண்டரை மடங்குதான். அந்தக் கோளின் ஓர் ஆண்டு ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து பார்த்தால் குறுமீன் நம் நிலவைவிடப் பதினைந்து பதினாறு மடங்கு அகலமாக, கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு போலச் சிவந்து நிற்கும். சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டில் அமைந்து இடைநகர்வு நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதம். பூமி–சூரியன் ஜோடிக்கு அது அரை சதவீதம்கூட இல்லை. இங்கே ஓர் இடைநகர்வுக்கு ஓராண்டு காத்திருக்கவேண்டும், அங்கே ஒரு நீண்ட இரவில் பார்த்துவிட வாய்ப்பு உண்டு. காகிதத்தில் இதைவிட நல்ல வேட்டைக்களம் கிடையாது.

வானத்தின் அடியில் நின்றால் கதை வேறு. முதல் சிக்கல் மங்கல். இவை கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிகக் கொஞ்சமே தருகின்றன, பெரும்பகுதி அகச்சிவப்பில் போய்விடுகிறது. கோள் தேடும் டெஸ் விண்கலம் வானம் முழுவதையும் துழாவியும் இங்கே அதிகம் உதவாததற்குக் காரணம் இதுதான். அதன் வில்லைகள் 10 செ.மீ. அகலம் மட்டுமே, பார்ப்பதும் அகச்சிவப்பின் ஓரம் வரைதான். ஆகவே தரையிலிருந்து, ஒவ்வொன்றாக, இரவு முழுக்க ஒரே குறுமீனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் நீடிக்கும் ஒரு சதவீதச் சரிவுக்காக.

இரண்டாவது சிக்கல் நம் காற்று. ஒளி அளவீட்டில் ஒரு விண்மீனைத் தனியாக அளப்பதில்லை. பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டே அளக்கிறோம். மெல்லிய மேகம் வந்தால் எல்லாம் சேர்ந்து மங்கும், விகிதம் மாறாது. ஆனால் பழுப்புக் குறுமீன் இருக்கும் படத்தில் அதைப்போல் சிவந்த இன்னொன்று இருக்காது, ஒப்பிடக் கிடைப்பவை எல்லாம் நீலம் கலந்தவை. காற்றில் உள்ள நீராவி அகச்சிவப்பைக் குறிப்பிட்ட பட்டைகளில் விழுங்குவதால், ஈரப்பதம் கூடும்போது குறுமீன் மட்டும் தனியாக மங்குவதுபோல் தெரியும். நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். பின்னிரவில் நாற்பது நிமிடம், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல் அழகான சரிவு. உடன் இருந்த மாணவரை எழுப்பி, தேநீர் போட்டுக் கொண்டாடினோம். விடிந்த பிறகு அவர்தான் ஈரப்பத வரைபடத்தைக் கொண்டுவந்து என் வரைபடத்தின் பக்கத்தில் வைத்தார். ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. அன்றைக்குப் பிறகு ஈரப்பதத்தைப் பார்க்காமல் எந்தச் சரிவையும் நம்புவதில்லை.

மூன்றாவது சிக்கல் குறுமீனிடமே இருக்கிறது. அவற்றில் வானிலை உண்டு. இரும்புத் துளிகளாலும் சிலிக்கேட் தூசியாலும் ஆன மேகங்கள் திட்டுத் திட்டாகச் சூழ்ந்திருக்கின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை குறுமீன் தன்னைத்தானே சுற்றுவதால் ஒளி ஏறி இறங்கும். மிக வேகமாகச் சுற்றுவதாக 2021-ல் அறிவிக்கப்பட்ட ஒன்றுக்கு ஒரு நாள் என்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். சிலவற்றில் இந்த ஏற்ற இறக்கம் 10 சதவீதம் வரை போகிறது, நாளுக்கு நாள் வடிவமும் மாறுகிறது. நாம் தேடும் ஒரு சதவீதம் இதன்மேல் சவாரி செய்கிறது. நல்லவேளையாக, மேகத்தால் வரும் மாற்றம் பல மணி நேரம் எடுத்து மெதுவாக வளைகிறது. கோளின் சரிவோ சில நிமிடங்களில் விழுந்து, அரை மணியில் எழுந்துவிடும். இரண்டையும் பிரிக்கலாம். ஆனால் ஒரே ஒரு சரிவை வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது. குறைந்தது இரண்டு, சரியான இடைவெளியில், முடிந்தால் வேறு தொலைநோக்கியில்.

இதுவரை தேடியது எவ்வளவு? ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி குறுமீன்களின் வானிலைக்காக எடுத்த 44 பதிவுகளை 2017-ல் ஒரு குழு கோளுக்காக மறுபடி அலசியது. எதுவும் கிடைக்கவில்லை. அதிலிருந்து அவர்களால் சொல்ல முடிந்தது, 1.28 நாளுக்குள் சுற்றும் பூமியளவுக் கோள்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட குறுமீன்களைச் சுற்றி இருக்க வாய்ப்பில்லை என்பது மட்டுமே. நன்றாகக் கவனியுங்கள். பாதிக் குறுமீன்களைச் சுற்றி அப்படிக் கோள் இருந்திருந்தாலும் இந்தத் தேடலில் ஒன்றும் அகப்படாமல் போயிருக்கலாம். 'ஏன் கிடைக்கவில்லை' என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: போதுமான அளவு இன்னும் தேடவே இல்லை. அரிசோனாவில் 1.8 மீட்டர் பெர்கின்ஸ் தொலைநோக்கியை வைத்து 'பைன்ஸ்' என்ற தேடல் நடக்கிறது. 2022-ல் அவர்கள் இரண்டு சரிவுகளை வெளியிட்டார்கள், கோளாக இருக்கலாம், இன்னும் உறுதியாகவில்லை என்ற அளவில்தான். சிலியின் பரானலில் ஒரு மீட்டர் தொலைநோக்கிகள் நான்கை வைத்து 'ஸ்பெக்குலூஸ்' குழு தேடுகிறது. டிராப்பிஸ்ட் என்பது பெல்ஜியத்தில் துறவிகள் காய்ச்சும் பீரின் பெயர், ஸ்பெக்குலூஸ் அந்த ஊர் பிஸ்கட்டின் பெயர். லீஜ் நகரத்துக்காரர்கள் தொலைநோக்கிக்குப் பெயர் வைக்கும் அழகு இது. 2024-ல் அவர்கள் அறிவித்த ஸ்பெக்குலூஸ்-3பி 17 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் பூமியளவுக் கோள். ஆனால் அதுவும் சுற்றுவது ஒரு செங்குறுமீனை (ஹைட்ரஜனை எரிக்கும் சிறிய சிவந்த விண்மீன்), பழுப்பை அல்ல.

அப்படியானால் பழுப்புக் குறுமீன்களைச் சுற்றிக் கோளே இல்லையா என்றால், உண்டு, நாம் தேடும் வகை அல்ல. 2004-ல் சிலியின் விஎல்டி தொலைநோக்கி படம்பிடித்த 2எம்1207பி, நமக்கு நேரடிப் படமாகக் கிடைத்த முதல் கோள் என்று சொல்லப்படுவது, ஏறத்தாழ 25 வியாழ நிறையுள்ள பழுப்புக் குறுமீன் ஒன்றின் துணை. ஆனால் அதன் நிறை ஐந்து வியாழன், தூரமோ சூரியனிலிருந்து நெப்டியூன் இருப்பதைவிட அதிகம். கோள் என்பதைவிட இரட்டைப்பிள்ளையில் இளைத்தது என்று சொல்வதே பொருத்தம். நுண் ஈர்ப்பு வில்லை முறையில் (முன்னே வரும் பொருளின் ஈர்ப்பு பின்னால் உள்ள விண்மீனின் ஒளியை வளைத்துப் பெரிதாக்குவதைக் கொண்டு) 2008-ல் அறிவிக்கப்பட்ட ஒரு கோள் பூமியைப்போல் மூன்று மடங்கு நிறை, சுற்றுவது பழுப்புக் குறுமீனை என்றார்கள். பிறகு தாய்ப்பொருளின் நிறையைத் திருத்தியபோது அது எல்லையைத் தாண்டி விண்மீன் பக்கம் போய்விட்டது. 2025-ல் வந்த 2எம்1510 செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பழுப்புக் குறுமீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்தச் சுற்றுப்பாதை மெல்லத் திரும்பும் திசை எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக இருக்கிறது. இரண்டையும் செங்குத்தாகச் சுற்றிவரும் ஒரு கோள் இருந்தால்தான் அது பொருந்தும் என்கிறார்கள். சான்று வலுவானது, ஆனால் மறைமுகமானது. கோளின் நிறையும் தூரமும் இன்னும் இறுகப் பிடிபடவில்லை.

பாறைக் கோள் உருவாகுமா என்பதற்கு, உருவாகும் என்று நினைக்க இரண்டு காரணங்கள். இளம் பழுப்புக் குறுமீன்களைச் சுற்றித் தூசி வட்டுகள் இருக்கின்றன. 2012-ல் ஆல்மா தொலைநோக்கி அப்படிப்பட்ட ஒரு வட்டில் மில்லிமீட்டர் அளவுக்குத் திரண்ட துகள்களைக் கண்டது. கோள் கட்டும் வேலையின் முதல் படி அது. இன்னொன்று ஒரு கணக்கு. வியாழனின் நான்கு பெரிய நிலவுகளின் மொத்த நிறை வியாழனில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. டிராப்பிஸ்ட்-1-ன் ஏழு கோள்களின் மொத்த நிறையும் அதன் விண்மீனில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. பழுப்புக் குறுமீன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதே விகிதம் பொருந்தினால் நம் 60 வியாழக் குறுமீனைச் சுற்றி நான்கு பூமிக்குச் சற்றுக் குறைவான பொருள் பங்கிடப்பட்டிருக்கும். இது நிரூபணம் அல்ல, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் பந்தயம் கட்டச் சொன்னால் நான் 'இருக்கிறது' பக்கம் கட்டுவேன்.

இனி மூன்றாவது கேள்வி. டிராப்பிஸ்ட்-1-க்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் உறைக்கும். டிராப்பிஸ்ட்-1 ஹைட்ரஜனை எரிப்பதால் இன்னும் பல லட்சம் கோடி ஆண்டுகள் கிட்டத்தட்ட இதே ஒளியோடு இருக்கும். நம் 60 வியாழக் குறுமீனோ 10 கோடி வயதில் சூரியனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிரும், 100 கோடி வயதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும், 500 கோடி வயதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதாவது நீர் திரவமாக இருக்கக்கூடிய வாழத்தகு மண்டலம் ஓரிடத்தில் நிற்காமல் உள்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது: முதலில் 47 லட்சம் கி.மீ., பிறகு 15 லட்சம், பிறகு 4.7 லட்சம். கோள் அதோடு சேர்ந்து நகர்வதில்லை. மண்டலம் ஒரு வண்டிபோல் வந்து, கோளைக் கொஞ்ச நேரம் ஏற்றிக்கொண்டு, இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. நம் 10 லட்சம் கி.மீ. கோளுக்கு 100 கோடி வயதையொட்டிப் பூமியளவு வெப்பம் கிடைக்கும். 500 கோடி வயதில் செவ்வாய்க்குக் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். உள்ளே நெருங்கி இருந்தால் நீண்ட காலம் கிடைக்காதா என்றால், அதற்கும் ஒரு சுவர் உண்டு. ரோஷ் எல்லைக்குள் போனால் குறுமீனின் ஈர்ப்பு கோளைக் கிழித்துப்போடும். இந்தக் கணக்கில் அது ஏறத்தாழ 4.2 லட்சம் கி.மீ. மண்டலம் 4.7 லட்சத்துக்கு வரும்போது முதுகு சுவரில் முட்டுகிறது. அதற்குப் பிறகு வாழத்தகு மண்டலம் என்பதே இல்லை. 2014-ல் கண்டுபிடிக்கப்பட்ட வைஸ் 0855 என்பது 7.4 ஒளியாண்டில் இருக்கும் ஒன்று, அதன் வெப்பநிலை பனிக்கட்டி உருகும் நிலையை ஒட்டியே இருக்கிறது. அதன் பக்கத்தில் போய்க் குளிர்காய முடியாது.

முடிவைவிட ஆரம்பம்தான் எனக்குப் பெரிய கவலை. மண்டலம் வந்து சேருவதற்கு முன், 10 கோடி வயதில், நம் கோள் பூமி பெறுவதைப்போல் 20 மடங்கு வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தது. வெள்ளி பெறுவது இரண்டு மடங்குக்கும் குறைவு, அதன் கதி தெரியும். கடல்கள் ஆவியாகி, புறஊதா ஒளியில் நீர் உடைந்து, ஹைட்ரஜன் தப்பிப் போய்விட்டால், பிறகு மண்டலம் வந்து என்ன பயன்? ரோரி பார்ன்ஸும் ரெனே ஹெல்லரும் 2013-ல் இதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய கோள்கள் வறண்டே இருக்கும் என்று எழுதினார்கள். எமலின் போல்மோன் குழு 2017-ல் வேறு கணக்குப் போட்டது. இந்தக் குறுமீன்கள் புறஊதாவையும் எக்ஸ் கதிரையும் அவ்வளவாக வீசுவதில்லை, ஆகவே நீர் முழுதும் போகாமல் தங்கலாம் என்றது. இரண்டு பக்கமும் கணினியில்தான் மோதுகிறது. தொடக்கத்தில் கோளிடம் எவ்வளவு நீர் இருந்தது என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

ஓத விசை, அதாவது கடலில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் அதே ஈர்ப்பு இழுப்பு, இன்னொரு பக்கம். இவ்வளவு நெருக்கத்தில் கோள் ஒரே முகத்தைக் காட்டியே சுற்றும், நிலவு நமக்குக் காட்டுவதைப்போல். அது ஒன்றே உயிரை விலக்கிவிடாது, காற்றுமண்டலம் வெப்பத்தைப் பரப்பும். சுற்றுப்பாதை கொஞ்சம் நீள்வட்டமாக இருந்து, பக்கத்துக் கோள்கள் அதை வட்டமாக விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், வியாழனின் நிலவான அயோவைப்போல் உள்ளிருந்து வெப்பம் வரும். குறுமீன் ஆறிய பிறகும் அது தொடரலாம். எரிமலைக்கும் வெதுவெதுப்புக்கும் நடுவே சரியான அளவில் அது அமையவேண்டும் என்பதுதான் சிக்கல். ஒளிச்சேர்க்கையைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒளியே மிகச் சொற்பம்.

ஆகவே 'வாழத்தகுந்த' என்ற சொல்லை இந்தத் தேடலிலிருந்து கொஞ்ச காலம் தள்ளி வைப்பதே நேர்மை என்பது என் கருத்து. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் அந்தச் சொல் வேலை செய்யும், எனக்கும் தெரியும். ஆனால் தேடல் அதில்லாமலே தகுதியானது. கோள் உருவாகும் விதி எவ்வளவு சிறிய தாய்ப்பொருள் வரை செல்லும் என்று தெரியவேண்டும், வியாழனின் நிலவுகளும் டிராப்பிஸ்டின் கோள்களும் ஒரே கதையா என்று தெரியவேண்டும். அகப்படும் கோள் வறண்ட பாறையாக இருந்தாலும் அந்த விடை கிடைத்துவிடும். காற்றுமண்டலம் இருக்கிறதா என்பதைக்கூடப் பிறகு பார்க்கலாம். 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி டிராப்பிஸ்ட்-1-ன் உள்கோள்கள் இரண்டையும் பார்த்து, அடர்ந்த காற்றுக்கான அடையாளம் இல்லை என்றது. பழுப்புக் குறுமீனில் இந்த வேலை இன்னும் கடினம், ஏனென்றால் அதன் வளியிலேயே நீராவி உண்டு, குளிர்ந்தவற்றில் மீத்தேனும் உண்டு. கோளின் நீர் எது, குறுமீனின் நீர் எது என்று பிரித்தாகவேண்டும்.

கடைசியில் ஒரு வரியில், நம் பக்கத்திலிருந்து இதில் எதையாவது பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். லடாக்கில் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி, டிராப்பிஸ்ட்-1-ன் முதல் மூன்று கோள்களை 2016-ல் அறிவித்த ஆய்வில் பங்கெடுத்தது, ஆகவே நாம் வெறும் பார்வையாளர்கள் அல்ல. ஆனால் நமக்கு மிக அருகில் உள்ள பழுப்புக் குறுமீன் ஜோடியான லூமன் 16 அந்தத் தொலைநோக்கிக்கு எட்டாது. 6.5 ஒளியாண்டில், வேலா விண்மீன் கூட்டத்தில், தெற்கே வெகுதூரம் சரிந்து கிடக்கிறது. ஹான்லேயில் தொடுவானத்துக்கு மேல் நான்கு பாகை எழுந்தால் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து 25 பாகையை ஒட்டி எழும், கன்னியாகுமரியில் இன்னும் சற்று மேலே. இவ்வளவு அருகில் இருந்தும் 2013 வரை யாருக்கும் தெரியாததற்குக் காரணம், பால்வழியின் நெரிசலில் ஒளிந்திருந்தது. கண்டுபிடித்த உடனே, டிராப்பிஸ்ட்-1-க்குப் பெயர் தந்த டிராப்பிஸ்ட் தொலைநோக்கி அதைப் பன்னிரண்டு இரவு பார்த்தது. வேகமாக மாறும் வானிலை கிடைத்தது, கோள் கிடைக்கவில்லை. பிறகு அங்கே ஒரு கோள் இழுப்பதாகச் சந்தேகம் எழுந்து, ஹபிள் அளவீடுகள் 2017-ல் அதை மறுத்தன. ஆனால் அவை மறுத்தது பெரிய கோளை. இடைநகராமல் சுற்றும் சிறிய பாறை ஒன்று அங்கே இருந்தால் இரண்டு தேடலிலும் அது தெரிந்திருக்காது. ஏப்ரல் மாத முன்னிரவில் தெற்கே பாருங்கள், தொடுவானத்துக்கு மேல் மூன்று கைமுட்டி உயரத்துக்குள். கண்ணுக்கு எதுவும் தெரியாது, இடம் அதுதான்.